சுப்பம்மாவின் படம் ஏறாத நாட்கள்

வவுனியாவில் பக்கீரின் கொமினிகேசன் கடைக்கு அப்போது ஒரே ஒரு லைன்தான். போன் கதைக்க வருகிற சனத்துக்கும் அதுதான், பின்னறையில் இருந்த இன்டர்நெட்டுக்கும் அதுதான். ஒன்று ஓடினால் மற்றது நிற்கவேணும். ஒருநாள் முற்பகலில் நெடுங்கேணிப் பக்கத்து மனிதர் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். மட்டக்களப்பில் தமக்கை மோசம் போய்விட்டாவாம், அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்கவேணுமாம். கடையில் இருந்தது பக்கீரின் மனைவி நபீஸா. அவள் தயங்கித் தயங்கிப் பின்னறையை எட்டிப் பார்த்தாள். அங்கே வேலை செய்கிற விமலேஸ்வரி காலையிலிருந்து இன்டர்நெட்டில் ஏதோ ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தாள். நபீஸா வாய் திறக்க முன்னமே அவள் எழும்பி வயரைக் கழற்றிக் கையில் குடுத்தாள்.

“முடிஞ்சுது அக்கா. அவரைக் கதைக்கச் சொல்லுங்கோ.”

முடியவில்லை. பின்னேரம் பக்கீர் சொல்லித்தான் நபீஸாவுக்குத் தெரியும். முக்கால்வாசி இறங்கின சாமானாம், இடையில் அறுத்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கவேணுமாம். செத்த வீட்டுக்காரர் சங்கடப்படக்கூடாது என்று ஒரு சின்னப் பொய். அன்றைக்குத் தொழுது துஆ கேட்கும்போது நபீஸா அந்தப் பிள்ளையின் பேரையும் சேர்த்துக்கொண்டாள்.

விமலேஸ்வரி வட்டக்கச்சிக்காரி. முப்பதை எட்டிக்கொண்டிருந்தாள். தகப்பன் இல்லை. ஏ.எல். சோதனை நன்றாய்ச் செய்தும் கம்பஸில் படிக்க இடம் கிடைக்கவில்லை. வவுனியாவில் ஒரு வகுப்புக்குப் போய் ஜாவா என்ற கொம்பியூட்டர்ப் படிப்பைப் படித்தாள். பக்கீரின் பின்னறையை வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய நிவாரணச் சங்கம் அவளை வேலைக்கு வைத்தது. இடம்பெயர்ந்து முகாம்களில் கிடக்கிற சனத்தின் பேரையும் ஊரையும் படத்தையும் ஏற்றி, எந்தத் தேசத்தில் இருக்கிற சொந்தக்காரரும் திறந்து பார்க்கிற மாதிரி ஒரு வாசல் செய்யவேணும். போர்ட்டல் என்பார்கள் அதை. சனிக்கிழமைகளில் அவள் பஸ் ஏறி, ஓமந்தையில் இறங்கி இராணுவச் சோதனை முடித்து, வட்டக்கச்சியில் தாயைப் பார்த்துவிட்டு வருவாள். ஊரில் அவளை ‘கொம்பியூட்டர் மிஸ்’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அதைச் சொல்லும்போது அவளுக்கு முகம் மலரும்.

நபீஸா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் கேட்டுக் கேட்டுத் தன் அளவில் விளங்கி வைத்திருந்தாள். எழுதினதெல்லாம் துண்டு துண்டாய்க் கிடக்குமாம். அதைச் சேர்த்துக் கட்டிப் பொதியாக்க ஒரு கருவி இருக்கிறதாம். அந்தப் பொதியைக் கொழும்பில் உள்ள ஒரு பெரிய கொம்பியூட்டருக்கு அனுப்பி, அங்கே அது எழும்பி ஓடினால்தான் உலகத்துக்குத் தெரியுமாம். அந்தப் பெரியதைச் சேர்வர் என்பார்கள். கட்டுகிற கருவிக்கு இங்கிலீசில் எறும்பு என்று பேர். முதல் இரண்டு கிழமை அந்த எறும்பு அசையவே இல்லை. ஜாவா எந்த இடத்தில் இருக்கிறது என்று அதற்குச் சொல்லிக் குடுக்கவேண்டிக் கிடந்ததாம்.

“சீனி போட்டுப் பாத்தனீரோ தங்கச்சி?” என்று பக்கீர் கேட்பார்.

“போங்கோ நானா, நானே விசரிலை இருக்கிறன். ஜாவா பக்கத்திலைதான் கிடக்குது, காணேல்லை எண்டு நிக்குது.”

“அப்ப அது எறும்பில்லை, நான்தான். நெத்தியிலை கண்ணாடியை வைச்சுக்கொண்டு அலுமாரி முழுக்கத் தேடுறனான்.”

கடையில் வந்து மகனின் போனுக்காகக் காத்திருக்கிற ஒருவர் சுப்பம்மா. மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, அக்கராயனில் காடு வெட்டிக் குடியேறி, அங்கிருந்தும் ஓடி, இப்போது பூந்தோட்டம் முகாமில் இருந்தா. ஒரே மகன் மூக்கன் தொண்ணூறாம் ஆண்டு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய், அங்கே அகதி முகாமில். மாதத்தில் ஒருக்கால் பக்கீரின் கடைக்குப் போன் எடுப்பான். ஓடின ஓட்டத்தில் வீட்டில் இருந்த படங்கள் எல்லாம் போய்விட்டன. பிறகு எடுத்துத் தபாலில் அனுப்பின ஒன்றும் போய்ச் சேரவில்லை. அந்த ஆவணியில் மூக்கனுக்குக் கலியாணம்.

“நீ வரத்தான் முடியாது. ஒன் மூஞ்சியாச்சும் பந்தல்ல இருக்கணும்மா,” என்று அவன் போனில் அழுதிருந்தான்.

நபீஸாதான் சுப்பம்மாவைக் கையில் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள். “பிள்ளை, முதல் படம் இவாவின்ரை.”

விமலேஸ்வரி கமராவைத் தூக்கினாள். “சிரிங்கோ அம்மா.”

“பல்லு இல்லையே தாயி. மகன் பயந்துடப் போறான்.”

“கலியாணம் கட்டப் போற ஆள் இதுக்கே பயப்பிடுறது?”

சுப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் விமலேஸ்வரி படத்தை எடுத்தாள்.

ஆடி மாதக் கடைசியில் சங்கத் தலைவர் வந்து விளக்கேற்றி வாசலைத் திறந்து வைத்தார். விமலேஸ்வரியின் கொம்பியூட்டரில் சுப்பம்மாவின் முகம் பளிச்சென்று வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

“இனி வெளிநாட்டிலை இருக்கிற ஆக்களும் பாக்கலாம்தானே?” என்று தலைவர் கேட்டார்.

விமலேஸ்வரி தன் கை விரல்களைப் பார்த்தாள். “ஓம் சேர். முடிஞ்சுது.”

அந்த வாசலின் முகவரியைச் சுப்பம்மா மூக்கனுக்குச் சொன்னா. கிழமை முடிய முன்னம் அவனிடமிருந்து போன் வந்தது.

“ஒண்ணும் வரலைம்மா. இங்கிலீசுல என்னமோ தப்புன்னு காட்டுது.”

சுப்பம்மா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நபீஸாவைப் பார்த்தா. அந்தப் பார்வை நபீஸாவுக்குப் பொறுக்கவில்லை. எட்டி ரிசீவரை வாங்கினாள்.

“மகன், நான் கடைக்கார நபீஸா. அல்லாஹ்மேலை சத்தியமாய்ச் சொல்றன், உங்கடை அம்மாவின்ரை படம் அதிலை இருக்கு. என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான். அங்கத்தைக் கடைக்காரன் பிழையாய் அடிச்சிருப்பான். திரும்பப் போய்ப் பாருங்கோ.”

“சத்தியம் வேற பண்ணுறீங்க. அப்ப இருக்கத்தான் செய்யும். போறேன்மா.”

போனான். டவுனுக்கு பஸ் பிடித்துத் திரும்பவும் போனான். அடுத்த முறை போன் எடுத்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது. “கடைக்காரரோட சண்டையே போட்டுட்டேன்மா. ஒழுங்காத் தட்டுய்யான்னு. அவரு பாவம், என் கண்ணு முன்னாலயே ஒவ்வொரு எழுத்தாத் தட்டினாரு. இல்லம்மா. ஒண்ணும் இல்ல.”

அன்றைக்கு பக்கீர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு இன்டர்நெட் கடைக்குப் போய் வந்தார். வந்து நபீஸாவைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

“அங்கையும் வரேல்லை. உந்தப் பிள்ளையின்ரை கொம்பியூட்டர்ப் பெட்டியிலை மட்டும்தான் வருது. பொதியைக் கொழும்புச் சேர்வர் ஏற்கேல்லைப் போல. விளக்கேத்தின நாள்தொட்டு அவ பின்னறையிலை மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறது இதோடைதான்.”

நபீஸாவுக்குக் காது மடல் சுட்டது. அன்றைய மத்தியான லுஹர் தொழுகையில் ஓதுகிற சூரா நடுவில் மறந்து போனது. பொய்யான ஒன்றுக்குப் படைத்த ரப்பின் பேரை இழுத்துவிட்டேனே, ஒரு ஏழைப் பெடியனை அந்தப் பேரைச் சொல்லி அலையவிட்டேனே என்று முஸல்லாப் பாயைச் சுருட்டவும் கை வரவில்லை. சத்தியம் பொய்த்தால் ஏழைகளுக்குச் சோறு குடுக்கவேணும், ஏலாதவர்கள் மூன்று நோன்பு பிடிக்கவேணும் என்று அவள் சின்ன வயதில் ஓதிப் படித்திருந்தாள். மறுநாளே நோன்பு பிடித்தாள்.

விமலேஸ்வரியிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பிள்ளை இன்னொரு பொய் சொல்லவேண்டி வரும். அதற்கு வழிவிட நபீஸாவுக்கு மனமில்லை.

பத்து மணித் தேத்தண்ணியை விமலேஸ்வரிதான் வழக்கமாய் ஊற்றிக் கொண்டுவருவாள். இரண்டாம் நாளும் நபீஸா கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“என்னக்கா, வயித்துக்கு ஏதுமோ?”

“அவ நோன்பு,” என்றார் பக்கீர்.

“இது நோன்பு மாசமில்லையே நானா?”

“இஞ்சருங்கோ, விடுங்கோவன்,” என்றாள் நபீஸா.

பக்கீர் விடவில்லை. அவருக்கும் மனம் எரிந்துகொண்டிருந்தது. “படம் இருக்கெண்டு அல்லாஹ்மேலை சத்தியம் பண்ணிப்போட்டா. இல்லையெண்டு பிறகு தெரிஞ்சுது. தெரியாமல் செய்த சத்தியத்துக்குக் குற்றமில்லை எண்டு பள்ளிவாசல் லெப்பையும் சொல்லிப் பாத்திட்டார். கேக்கிறாவில்லை.”

“குற்றமில்லாமல் இருக்கலாம்,” என்றாள் நபீஸா. “நாக்கு என்ரை நாக்குத்தானே.”

விமலேஸ்வரி கோப்பையோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். தேத்தண்ணி ஆறி மேலே ஆடை படர்ந்தது.

“அண்டைக்கே சொல்லியிருக்கலாம் அக்கா,” என்றாள். “நாளைக்குச் சரிவரும், நாளைக்குச் சரிவரும் எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் பொதியைக் கட்டி அனுப்புறன், அது ஒவ்வொரு நாளும் பிழை எண்டு திருப்புது. ஏனெண்டு எனக்குத் தெரியேல்லை. தெரியேல்லை எண்டு ஆரிட்டையும் கேக்க வெக்கமாய்க் கிடந்துது. ஊர் முழுக்க மிஸ் எண்டு கூப்பிடுது… நான் செய்ததுக்கு நீங்கள் பட்டினி கிடக்கிறியள்.”

நபீஸா அவளுடைய தலையைத் தடவினாள்.

அன்று பின்னேரமே இரண்டு பேரும் முகாமுக்குப் போனார்கள். விமலேஸ்வரி சுப்பம்மாவுக்கு முன்னால் நின்று, நிலத்தைப் பார்த்தபடி, உள்ளதை உள்ளபடி சொன்னாள். சுப்பம்மா கோபிக்கவில்லை.

“அதுக்கென்ன தாயி. கல்யாணத்துக்கு இன்னும் நாளு இருக்குல்ல. நீ நிதானமாச் செய்யி. சாப்பிட்டியா?”

திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று திரும்பி வரும்போது விமலேஸ்வரி சொன்னாள்.

மறுநாள் அவள் தனக்குப் படிப்பித்த சிற்றம்பலம் சேருக்குக் கொழும்புக்குப் போன் எடுத்தாள். நபீஸா பக்கத்தில் இருந்தாள்.

“எந்த ஜாவாவிலை கட்டினனீர்?” என்று அவர் கேட்டார்.

“புதுசு சேர். போன வருசம் வந்தது.”

“சேர்வரிலை இருக்கிறது பழசு, பிள்ளை. புதுசிலை கட்டினதைப் பழசாலை வாசிக்க ஏலாது. பழசுக்கு ஏத்த மாதிரிக் கட்டு எண்டு உம்மடை கருவிக்குச் சொல்லும். இதைக் கேக்கவோ இவ்வளவு நாள்?”

விமலேஸ்வரி ரிசீவரை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். புதிய ஜாவாவின் வசதிகளை நம்பி எழுதின இடங்களை எல்லாம் பழைய முறைக்கு மாற்றி எழுதவேண்டியிருந்தது. கலியாணத்துக்கு முதல் நாள் பொதி கொழும்புக்குப் போய், சேர்வர் அதை ஏற்றுக்கொண்டது. கலியாணத்தன்று விடிய அவள் வாய் திறந்து ‘முடிஞ்சுது’ என்று சொல்லவில்லை. “நானா, மற்றக் கடையிலை ஒருக்கால் பாத்திட்டு வாங்கோ,” என்றாள்.

பக்கீர் போய் வந்தார். “வாசல் திறக்குது. பேர் வருது, ஊர் வருது.” செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “படம் இல்லை. பேருக்கு மேலை வெறுங் கட்டம்தான்.”

படங்களை அவள் தன் கொம்பியூட்டரில் வேறொரு இடத்தில் வைத்திருந்தாள். அதையும் சேர்த்துக் கட்டு என்று கருவிக்குச் சொல்லவில்லை. சொல்லாததை அது தூக்காது. அவளுடைய பெட்டியில் மட்டும் படம் தெரிந்ததற்குக் காரணமும் அதுதான்.

பக்கீர் கடை வாசலில் ‘போன் வேலை செய்யாது’ என்று ஒரு மட்டையைத் தொங்கவிட்டு, லைன் முழுவதையும் பின்னறைக்குக் குடுத்தார். படங்கள் ஊர்ந்து ஊர்ந்து போயின. இரண்டு தரம் லைன் அறுந்தது. இந்தியாவில் தாலி கட்டுகிற நேரம் அதற்குள் வந்து போயிற்று. பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகுதான் எல்லாம் ஏறி முடிந்தது. வயரைத் திரும்பப் போனில் செருகினதும் மணி அடித்தது. மூக்கன். சுப்பம்மா காலையிலிருந்து கடையில்தான் இருந்தா.

“கட்டிட்டேன்மா.”

“நல்லா இருடா சாமி. அம்மா மூஞ்சிய வச்சியா?”

“காலையில முகூர்த்தத்துக்கு முன்ன கடைக்குப் போய்ப் பாத்தேன். படம் வரலை. வெறுங் கட்டம் ஒண்ணு, கீழ ஒன் பேரு. அதையே அச்சடிச்சுப் பந்தல்ல வச்சிட்டேன். பூப் போடலாமான்னு கேட்டாங்க. அது செத்தவங்களுக்குத்தான், எங்கம்மா உசுரோட இருக்குன்னு சொல்லிட்டேன்.”

ரிசீவரில் கேட்கிற சத்தம் அந்தச் சின்னக் கடைக்குள் எல்லாருக்கும் கேட்கும். பின்னறைக் கதவோடு சாய்ந்து நின்ற விமலேஸ்வரி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். நபீஸா அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்கு இன்னும் கூசும் என்று மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடினாள், திறந்தாள்.

இரண்டு நாள் கழித்து மூக்கன் தாயின் முகத்தைப் பார்த்தான். “என்னம்மா இப்புடிக் கெழவியாயிட்ட,” என்று சிரித்தும் அழுதும் கதைத்தான். சுப்பம்மா கடைக்கு வந்து எல்லாரையும் வாழ்த்தினா. ஆனால் விமலேஸ்வரி அவாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே பின் கதவால் கிணற்றடிக்குப் போய்விடுவாள்.

“அந்தப் பொண்ணு எங்க? பாக்கவே முடியலையே.”

“இப்பத்தான் வெளியிலை போனவ,” என்று நபீஸா சொல்லுவாள். பொய்யும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வருசம் விமலேஸ்வரி அந்த வாசலைக் காத்தாள். எத்தனையோ பேர் எத்தனையோ பேரைக் கண்டுபிடித்தார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களும் தங்கள் படத்தை இங்கே அனுப்புகிற மாதிரி அவள் இன்னொரு வழியும் செய்து வைத்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கீர் மற்றக் கடைக்குப் போய்ப் பார்த்து வரவேணும். “என்ரை கண்ணை நம்பாதேங்கோ நானா,” என்பாள். மிஸ் என்று யாரும் கூப்பிட்டால் அவளுடைய முகம் பிறகு மலர்ந்ததில்லை.

அடுத்த ஆடியில் வட்டக்கச்சியிலிருந்து அவளின் தாய்க்கு வருத்தம் கடுமை என்று ஆள் வந்து சொன்னது. பாதையின் நிலைமையும் கெட்டுக்கொண்டு வந்தது. நபீஸா ஒரு பையில் பேரீச்சம்பழம் கட்டிக்கொண்டு அவளை வழியனுப்பப் பஸ் நிலையத்துக்குப் போனாள். சில கிழமையில் சண்டை மூண்டு பாதை மூடப்பட்டது. அதன் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். விமலேஸ்வரியைக் கண்டதாய்ச் சொல்ல நபீஸாவுக்கு இன்றுவரை ஒருவரும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கையேந்துகிறாள்.

அன்றைக்கு பஸ் புறப்படுகிற நேரம், விமலேஸ்வரி யன்னலால் குனிந்து நபீஸாவின் கையைப் பிடித்தாள்.

“அக்கா, மூக்கன் அண்ணைக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கு. படம் அனுப்பியிருக்கிறார். பிரிண்ட் எடுத்து மேசை லாச்சிக்கை வைச்சிருக்கிறன். சுப்பம்மா வந்தால் நீங்கள் குடுங்கோ. நானே குடுப்பம் எண்டு ரெண்டுதரம் கையிலை எடுத்தனான். ஏலாமல் போச்சுது, அக்கா.”