நாலாவது அடி

இதை நம்புங்கள் என்று யாரிடமும் கெஞ்சமாட்டேன். என் கண் முன்னால் நடந்தது. அவ்வளவுதான்.

நான் தெருவில் போகிற வருகிறவர்களைப் படம் எடுப்பவன். காதில் இயர்போன் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. நான் கேட்கிற பாட்டில் டிரம் மூன்று முறை மெல்லத் தட்டும். நாலாவது அடி பலமாக விழும். அந்த அடியில்தான் ஷட்டரை அமுக்குவேன். நடப்பவர்களின் கை, கால், முகம் எல்லாம் அந்த நொடியில் சொல்லிவைத்த மாதிரி வந்து உட்காரும். "பாட்ட நிறுத்தினா இவனுக்குக் கண்ணே தெரியாது" என்று அக்கா கிண்டல் செய்வாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை ஆளாக்கியவள் அவள்தான். எனக்கு வேறு யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் மணி 6.10. மழை அப்போதுதான் விட்டிருந்தது. நாற்சந்தியில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. சரி, இன்றைய பிழைப்பு இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பாட்டு நிற்கவில்லை.

டொக்... டொக்... டொக்... டம்.

இயர்போனைப் பிடுங்கினேன். அப்போதும் கேட்டது. என் விரல் தானாக அமுக்கியது. கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கப் பார்த்தேன், கை வரவில்லை. கேமரா வழியே கண்ணில் பட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்தார்கள். மூன்று எட்டு வைத்து, நாலாவதில் நின்று என்னைப் பார்த்தார்கள்.

எதிர்ப்பக்கம் அக்கா. வேலை முடிந்து வந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நடப்பவர்களுக்கு இன்னும் சிவப்பு விளக்குதான்.

டொக்... சாலையில் இறங்கினாள்.

"அக்கா, நில்லு!" என்று கத்தப் பார்த்தேன். தொண்டையில் சத்தமே வரவில்லை.

டொக்... வலப்பக்கம் பஸ்.

டொக்... அவள் குனிந்து தன் கால்களையே பார்த்தாள்.

"டேய்... என்னால நிக்க முடியலடா..."

டம்.

என் விரல் அமுக்கியது.

அக்கா பிழைக்கவில்லை. ஓடிப்போய் அவளை மடியில் தூக்கி வைக்கக்கூட என்னால் முடியவில்லை. சத்தம் அடங்கிய பிறகுதான் என் கால் அசைந்தது.

மூன்றாம் நாள் காவல் நிலையத்தில் அந்த பஸ் டிரைவரைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உங்க அக்காவ தூரத்துலயே பாத்துட்டேன் தம்பி. பிரேக் மேலதான் கால் இருந்துச்சு. அந்த டிரம் சத்தம்... நாலாவது அடி விழுற வரைக்கும் மிதிக்க விடல."

அந்தச் சத்தத்தைப் பற்றி அதுவரை நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.