ஒன்றாவது கேள்

ஓரிடத்துக்கென்று சொல்லிக்கொடுத்ததை இன்னோரிடத்தில் பயன்படுத்தினால், பிழை யாருடையது? எனக்குத் தெரியவில்லை.

டைப்ரைட்டிங் முடித்த பெண்களுக்கு மாலையில் இன்டர்வியூ பயிற்சி தருகிறேன். அவர்களில் செல்வி என்றொருத்தி தலை நிமிர்ந்ததே இல்லை. "கடைசியில் கேள்வி உண்டா என்பார்கள். சும்மா இருக்காதே, ஒன்றாவது கேள்" என்பேன். இதனால் வேலை கிடைக்குமென்று நான் நம்பியதில்லை.

இன்று தல்லாகுளம் பஸ்ஸில் அவள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்த டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க? நேத்துப் பொண்ணு பாக்க வந்தவுக, 'ஏதும் கேக்கணுமாம்மா'ன்னு ஒரு பேச்சுக்குக் கேட்டாக. இவ நிமிந்து உக்காந்து, 'வேலைக்குப் போக விடுவீங்களா'ன்னுட்டா. காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாக."

"நான் இன்டர்வியூவுக்குத்தானே சொன்னேன்."

"அதுவும் இன்டர்வியூதானாம். அவதான் சொல்றா!"

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. இறங்கிவிட்டேன். நீங்களாக இருந்தால் அந்த அம்மாவுக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?

அடுத்த நாள் சேர்த்தது: செல்வி வகுப்புக்கு வந்தாள். கொண்டுவந்து விட்டது அம்மாதான். நான் அதிகாரியாக உட்கார்ந்து, வழக்கம்போல், கேள்வி உண்டா என்றேன்.

"சம்பளம் எம்புட்டுன்னு கேளுடி!" என்றார் அம்மா, வாசலிலிருந்து.

"சும்மா இரும்மா. கேக்குறது நானு" என்றாள் செல்வி.