முதலில் தொட்டி, பிறகு மீன்

ஆவடியில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் நீல பெட்டா மீன் ஒன்று கேட்டேன். “ஊட்ல தொட்டி வச்சிட்டியாண்ணா?” என்றாள். இனிமேல்தான் என்றேன்.

“புதுத் தண்ணில உட்டா செத்துப்பூடும். செடி நட்டு, ஃபில்டர் ஓட்டி, தெனம் கொஞ்சம் தீனி போட்டு தொட்டிய ரெடி பண்ணு; ஒரு மாசம் கயிச்சு அந்தத் தண்ணிய எடுத்துகினு வா, பாத்துட்டு தர்றேன்.”

வந்த ஆளையே விரட்டுகிறாளே என்று எரிச்சலோடு திரும்பினேன். ஆனாலும் அவள் சொன்னபடியே சின்னத் தொட்டியில் செடி நட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, தீனி மக்கி நல்ல நுண்ணுயிர் வளர்ந்து தண்ணீர் பக்குவமாவதற்காகத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டேன்.

“மீனே இல்லாம யாருக்குய்யா தீனி போட்டுகினு கீற?” என்று மனைவி சிரித்தாள்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தண்ணீரைக் கடைக்குக் கொண்டுபோனேன். அவள் சோதனைத் தாளை நனைத்து நிறத்தைப் பார்த்தாள். “சூப்பர்ணா! இப்ப எடுத்துகினு போ.”

தொட்டியில் விட்டதும் மீன் துடுப்பை விரித்து ஒரு சுற்று வந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஓர் உயிரை என்னை நம்பி ஒப்படைக்கலாம் என்று முன்பின் தெரியாத ஒருத்தி முடிவு செய்திருந்தாள்.