லிண்டா வீட்டு ஓடை

“வாட்டர் பஃபலோ வந்துவிட்டது” என்று பக்கத்து வீட்டு லிண்டா சொன்னதும், நான் வாசலுக்குப் போய் எருமையைத் தேடினேன். அங்கே நின்றது ஒரு பெரிய பிளாஸ்டிக் குடிநீர்த் தொட்டி. பென்சில்வேனியாவின் இந்தப் பக்கத்தில் அதற்கு அப்படித்தான் பெயர். வீட்டுக்குப் பின்னாலேயே ஓடை. ஆனால் குடிக்க லாரித் தண்ணீர்! குன்றின்மேல், பாறைக்குள் அடைந்திருக்கும் ஷேல் கேஸ் என்ற எரிவாயுவை எடுக்கிறார்கள். ரசாயனம் கலந்த தண்ணீரை அழுத்திச் செலுத்திப் பாறையைப் பிளப்பார்கள். திரும்பி வரும் உப்புக் கழிவைக் குட்டையில் தேக்குவார்கள். குட்டை ஓடைக்குள் கசிந்தது. லிண்டாவின் மாடுகள் ஓடையில் வாய் வைக்கவில்லை. மீன்கள் செத்து மிதந்தன. நான் தாம்பரத்தில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவள். உப்பைக் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி ஓடையை அளந்தேன். குட்டையைத் தொடுவதற்கு முன் நல்ல தண்ணீர். குட்டையைத் தாண்டியதும் உப்பு எகிறியது.

ஊர்க் கூட்டத்தில் அந்த அளவுகளைப் படித்தேன். கேஸ் கம்பெனி ஆள் சிரித்தார். “நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர். உங்களுக்கு இது நல்ல தண்ணீராகத்தானே தெரிய வேண்டும்?” சிலர் கூடவே சிரித்தார்கள்.

முன்பு எங்கள் ஊர் செம்பாக்கம் ஏரியில் சாக்கடை கலந்தபோது அப்பாவோடு மனு கொடுக்கப் போனேன். ஆபீஸில் இருந்தவர் தலை நிமிரவில்லை. “அந்தத் தண்ணியையா சார் குடிக்கிறீங்க? கேன் வாங்கிக்கோங்க.” அப்பா மனுவை மடித்துக்கொண்டு திரும்பினார். நானும்தான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அங்கே கேன், இங்கே தொட்டி. கெடுத்தவனைக் கேட்க எங்கேயும் ஆளில்லை.

இந்த முறை நான் உட்காரவில்லை. “கெட்ட தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, மிச்ச அளவுகளையும் படித்தேன். குட்டையை மூடினார்கள். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதம் லிண்டா வேலியோரம் வந்து நின்றாள். “கம்பெனியின் நஷ்டஈட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி ஓடையைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாதாம். உன்னிடமும்” என்றாள். அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை; அந்தக் காகிதத்தை எழுதியவர்கள்மேல் வந்தது. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இன்றும் ஓடைப் பாலத்தடியில் இறங்கி அளக்கிறேன்.

லீவில் செம்பாக்கம் வந்தபோதும் கை சும்மா இருக்கவில்லை. ரப்பர் பூட்ஸும் கையுறையும் மாட்டிக்கொண்டு, ஏரிக்கரையில் குனிந்து பாட்டிலை நிரப்பினேன். வாக்கிங் வந்த ஒருவர் நின்று, மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டார்: “மேடம், விச் கன்ட்ரி?”

“செம்பாக்கம்தாங்க” என்றேன். அவர் நம்பாமல் சிரித்துவிட்டு நடந்தார்.