சத்தியம் செய்தவரும் எண்பத்து மூன்றாம் பக்கமும்

வக்கீல் அலுவலகத்தில் அவருக்கு டைப்பிஸ்டக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக, ஜூனியர்கள் சொல்லச் சொல்ல மனு அடிப்பார். அவர்கள் விட்ட ஓட்டையைச் சத்தமில்லாமல் அடைப்பார். அடைத்த ஓட்டைக்காக அவர்கள் பாராட்டு வாங்குவதைக் கதவோரம் நின்று கேட்பார். மாலைக் கல்லூரியில் சட்டப் பட்டமும் வாங்கியிருந்தார். அது அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. மனுவில் பிழை வரும்போது மட்டும் நினைவு வரும்.

நாற்பத்தாறாவது வயதில் அக்கா முதுகலைக்குப் பதிவு செய்தார். பாடம், இஸ்லாமியச் சட்டம். குடும்பத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் மையத்தில் ஓர் ஆலோசகர் வேலை காலியாகப் போகிறது, அதற்கு இந்தப் பட்டம் வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தார். போய்ப் பார்த்தும் வந்தார். அந்த நாற்காலிக்குக் கை இருந்தது. டைப்பிஸ்ட் நாற்காலிக்குக் கிடையாது. மனிதரின் லட்சியம் பல நேரம் இந்த அளவு மரத்துண்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வகுப்பு சனி, ஞாயிறுகளில். உடன் படித்தவர்கள் மதரஸாவில் அரபியைக் கரைத்துக் குடித்த இளைஞர்கள். அக்காவின் அரபி எழுத்துக் கூட்டி நொண்டும். ஆனால் எதிர்த்தரப்பு வாதம் எங்கே இடறும் என்று முகர்ந்து சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பேராசிரியரோ, ‘இதில் இரண்டு கருத்துகள் உண்டு’ என்று ஆரம்பித்து மூன்றாவதில் கொண்டுபோய் முடிக்கிறவர். ஆய்வுக்கு அக்கா எடுத்துக்கொண்ட தலைப்பு ‘உபாயங்கள்’. சட்டத்தை மீறாமல் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வழிகளைப் பழைய அறிஞர்கள் எப்படி எடை போட்டார்கள் என்பது. இந்த வாசலில் நுழைய மாட்டேன் என்று சத்தியம் செய்தவன் ஜன்னலில் நுழைந்தால் சத்தியம் முறிந்ததா, இல்லையா? வக்கீல்களோடு இத்தனை வருஷம் இருந்தவருக்கு இதற்குத் தனியாகக் களப்பணி தேவைப்படவில்லை.

ஆனாலும் களம் வீடு தேடி வந்தது.

கணவர் மருந்துக்கடைக்காரர். அக்காவுக்கு விடுப்பான ஒரு நாள் மதியம் பசியோடு வந்தார். அடுப்பில் சோறு கரிந்துகொண்டிருந்தது. அக்கா மூன்றாம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் கரிந்த மூன்றாவது பாத்திரம் அது.

“அல்லாஹ் மேல சத்தியமா சொல்றேன், நீ இந்தப் படிப்பை முடிக்கிற வரைக்கும் உன் கையால சமைச்சதை நான் வாயில வைக்க மாட்டேன்!”

அக்கா பென்சிலை எடுத்தார். “முடிக்கிறதுன்னா எதுங்க? ஆய்வேட்டை ஒப்படைக்கிறதா, பாஸாகிறதா?”

“எல்லாம்தான்! ஒரு வரி பாக்கியில்லாம!”

சாப்பாட்டு மேஜையின் மறுகோடியில் இருந்த மாமியார் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். “தானே போய்க் கதவிடுக்குல விரலை வச்சுக்கிட்டான். கரியாத பக்கமாப் பார்த்து எனக்குப் போடும்மா. நான் சத்தியம் எதுவும் பண்ணல.”

மூன்றாம் நாளே மருந்துக்கடைக்காரருக்கு உண்மை விளங்கியது. தண்டனை யாருக்கு என்று பார்த்தால், அக்காவுக்கு ஒரு தட்டு வேலை குறைந்தது. மாமியாருக்கு ஒரு பங்கு கூடியது. அவருக்கு மட்டும் தானே பொரித்த முட்டை. மாமியார் முழங்கால் வலியால் சமைப்பதில்லை. வலி இல்லாத நாட்களில் கொள்கையால் சமைப்பதில்லை.

மருந்துக்கடைக்காரரும் உபாயங்களில் இறங்கினார்.

“நீ நறுக்கிக் கொடு, நான் அடுப்பைப் பத்த வைக்கிறேன். அப்போ சமைச்சது யாரு?”

“எனக்குத் தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். என் வழக்குல நானே தீர்ப்பு சொல்லக்கூடாது.”

“பெண்டாட்டின்னு ஒரு சலுகை கிடையாதா?”

“அதனாலதான் சொல்ல மாட்டேங்கிறேன். ஆய்வேட்டுல நாலாம் இயல் முழுக்கச் சத்தியம்தான். நீங்களே படிச்சுப் பாருங்க.”

படித்தார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் மனைவி எழுதியதில் கடைச் சாமான் பட்டியலுக்கு மேல் எதையும் படித்திராதவர், நூற்று நாற்பது பக்கத்தைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, இருமல் மருந்துக்கும் வயிற்றுவலி மாத்திரைக்கும் நடுவே படித்தார். ஒரு மனைவியின் அறிவைக் கணவன் மதிக்க இவ்வளவு பசி தேவையா என்பது தனி ஆய்வுக்குரியது.

ஒப்படைக்கக் கடைசி நாள் வியாழன், மாலை நான்கு மணி. ஏற்கெனவே இரண்டு தடவை கெடு நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது, தவறினால் பதிவே ரத்து, மூன்று வருஷமும் தண்ணீரில் எழுதியதுதான். புதன் காலை மருந்துக்கடைக்காரர் எண்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தார். சத்தியத்தை முறித்தவன் செய்ய வேண்டிய பரிகாரம் அங்கே இருந்தது: பத்து ஏழைகளுக்கு உணவு, அல்லது உடை, அல்லது ஓர் அடிமைக்கு விடுதலை, அல்லது மூன்று நாள் நோன்பு.

மூன்றே நோன்பு! இன்றைக்கே ஒரு கவளம் சாப்பிட்டுச் சத்தியத்தை முறித்துவிடலாம், நாளையிலிருந்து நோன்பு. அவர் கடைக்குள்ளேயே ஒரு நடை நடந்தார். பிறகு ஏதோ உறுத்தியது. முப்பத்தோராம் பக்கத்தைப் புரட்டினார். அங்கே இறைவசனத்தின் பொருள் முழுதாக இருந்தது. முதல் மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். எதற்கும் வசதியில்லாதவனுக்குத்தான் நோன்பு.

மருந்துச் சீட்டு படிப்பவருக்கு இது அன்றாடம். ‘இதுவோ அதுவோ’ வேறு, ‘இது முடியாவிட்டால் அது’ வேறு. மாற்றிக் கொடுத்தால் ஆள் போய்விடுவான்.

வாயை மூடிக்கொண்டால் மூன்று நோன்போடு கதை முடியும். திறந்தால் பத்துப் பேருக்குச் சோறு. மூடினால் தேர்வாளர் அந்தப் பக்கத்தில் கை வைப்பார். பத்து நிமிஷம் யோசித்தார். பிறகு, பட்டப்பகலில் முதல்முறையாகக் கடைக் கதவை இழுத்து மூடிவிட்டு வக்கீல் அலுவலகத்துக்கு நடந்தார்.

“ஏம்மா, வசதி இருக்கிறவன் எப்படி நேரா நோன்புக்குப் போவான்?”

அக்கா பக்கத்தைப் பார்த்தார். முப்பத்தோராம் பக்கத்தையும் புரட்டினார். இந்தத் தவற்றை ஊரே செய்கிறது; சத்தியத்தை முறித்தவன் பாக்கெட்டைத் தொடாமல் நேராக மூன்று நோன்புக்குத் தாவுகிறான். அந்தத் தாவலைப் பிடித்துக் கொடுக்கத்தான் அவர் இந்த ஆய்வையே தொடங்கினார். சிறு வயதிலிருந்து வீட்டிலும் தெருவிலும் கேட்டுப் பழகியது, வசனத்தைத் தாண்டிக்கொண்டு கைவழியே வந்து உட்கார்ந்திருந்தது. அதன்மேல் பதினோரு பக்க வாதம் வேறு எழுப்பியிருந்தார்.

“பதினோரு பக்கம். நாளைக்கு நாலு மணி.”

“நீ அடி. நான் படிச்சுச் சொல்றேன்.”

“உங்களுக்கென்ன? மூணு நோன்போட தப்பிச்சிருக்கலாமே.”

“நீ ஃபெயிலானா நான் ஆயுசுக்கும் முட்டை பொரிக்கணும். பேசாம அடி.”

இது முழு உண்மையல்ல என்று இருவருக்கும் தெரியும்.

அன்று மதியமும் மறுநாள் காலையும் அவர் படிக்க, அக்கா அடித்தார். அவர் சொன்ன மருந்துச் சீட்டுக் கணக்கும் உவமையாக உள்ளே போனது. ஜூனியர்களின் மனுக்கள் காத்துக் கிடந்தன. நடுவில் பேக்கரியிலிருந்து ரொட்டி வந்தது. அது அக்கா கையால் சமைத்ததல்ல, சத்தியத்துக்குப் பங்கமில்லை. அடிமையின் விடுதலை என்ற வரிக்கு வந்தபோது, “இது இப்போ ஸ்டாக் இல்லைன்னு ஒரு குறிப்புப் போடேன்” என்றார் மருந்துக்கடைக்காரர். அக்கா சிரித்துவிட்டு, அதையே கௌரவமான மொழியில் போட்டார். வியாழன் மூன்று நாற்பதுக்கு ஆய்வேடு உள்ளே போனது.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு மூன்று வாரம் கழித்து. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மெலிந்த ஓர் அம்மா. பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேர்வாளரின் விரல் நேராக எண்பத்து மூன்றாம் பக்கத்துக்குப் போனது.

“இங்க வர்ற மாணவர்கள்ல பாதிப் பேர் வழுக்கி விழற இடம் இது. நீங்க விழல. இந்த மருந்துச் சீட்டு உவமை ரொம்பப் பொருத்தம். எங்கேருந்து எடுத்தீங்க?”

உபாயங்களைப் பற்றி நூற்று நாற்பது பக்கம் எழுதியவருக்கு, ‘நானே யோசித்தேன்’ என்று சொல்லத் தெரியாமலில்லை. நாக்கு நுனிவரை வந்தது.

“நானும் விழுந்தேன் மேடம். ஒரு மருந்துக்கடைக்காரர் தூக்கி விட்டார்.”

“நூற்பட்டியல்ல அப்படி யாரும் இல்லையே. எந்த நூற்றாண்டு?”

“என் வீட்டுக்காரர் மேடம். வெளியில உட்கார்ந்திருக்கார்.”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். “அடுத்தவர் கருத்தைப் பேர் சொல்லாம எடுக்கிறது திருட்டு. வீட்டுக்காரரா இருந்தாலும்.” கையெழுத்திட்டுத் தாளை நீட்டினார். தேர்ச்சி, ஒரே ஒரு திருத்தத்துக்கு உட்பட்டு: அந்தப் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு. பதினான்கு நாள் அவகாசம்.

வீட்டில் மருந்துக்கடைக்காரர் தாளை இரண்டு முறை படித்தார். ஆய்வேட்டைப் படித்ததில் வாங்கிய பழக்கம் போகவில்லை.

“என் பேரு நூலகத்துல இருக்குமா?”

“இருக்கும். சின்ன எழுத்துல.”

“சரி சரி. அஞ்சு நிமிஷ வேலைதானே? இப்பவே அடிச்சிடு. ராத்திரி உன் கைச் சோறு சாப்பிடலாம்.”

அக்கா காலை நீட்டி உட்கார்ந்தார். மூன்று வருஷத்தில் இப்படி உட்கார்ந்ததில்லை. “உங்க பேரு வர்ற இடம். அவசரத்துல அடிச்சாத் தப்பு வரும். பதினாலு நாள் கொடுத்திருக்காங்க.”

“அடிப்பாவி!”

“ஒரு வரி பாக்கியில்லாமன்னு நீங்கதானே சொன்னீங்க?”

மாமியார் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “வெங்காயம் கீழ் அலமாரியில இருக்குடா. எனக்கும் சேர்த்து நறுக்கு.”