அக்காவுக்குப் பிடித்த குறை

என் அக்கா நெம்மேலியில் மீன் விற்றவள். முட்டி தேய்ந்த பிறகு தனியாக இருக்க முடியவில்லை. நானோ நாவலூரில் செக்யூரிட்டி, தங்குவதும் அங்கேயேதான். முதியோர் இல்லம் என்றதும் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருந்தாலும் கேளம்பாக்கம் பக்கம் இரண்டு இல்லங்களைப் போய்ப் பார்த்தோம்.

அதிகாரிகள் எழுதிய ஆய்வு அறிக்கையை இரண்டு இடத்திலும் கேட்டு வாங்கினேன். முதல் இல்லத்தில் குறையே இல்லை. இரண்டாவதில் ஒன்று இருந்தது. முதல் இல்லமே போதும் என்றேன்.

"இன்னா குறைன்னு படிடா," என்றாள் அக்கா.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். "தங்கியிருப்போர் சமையலறையில் மீன் கழுவுகிறார்கள். தரை வழுக்குகிறது."

அக்கா நிமிர்ந்தாள். "மீன் கழுவ வுடறாங்களா? அப்பால இன்னா எழுதிகீது?"

கீழே அடுத்த ஆய்வு இருந்தது. "மீன் கழுவப் பின்புறம் மேடை கட்டி, நாற்காலி போட்டுள்ளனர். குறை சரிசெய்யப்பட்டது."

"பாத்தியா, கெயவிங்கள மீன் கழுவ வாணாம்னு சொல்லல. எடம் கட்டிக் குட்த்துகீறாங்க. இங்கதான்டா இருப்பேன்."

குறையைப் பார்த்ததும் நான் பயந்துவிட்டேன். அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்று படிக்கத் தோன்றவில்லை.

போன ஞாயிறு அவளைப் பார்க்கப் போனேன். கை முழுக்கச் செதிலோடு, பக்கத்து நாற்காலி அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்டிக்கா கீற?"

"வேலை கீதுடா. நீ கெளம்பு."

ஒருவர் என்னைப் போகச் சொல்லி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.