வேலிக்குப் போன வழி

லூர்தக்கா இறந்த செய்தியை, மாதவரத்திலிருந்து பால் கொண்டுவரும் முனியம்மா சொன்னார். திருவொற்றியூர் தோல் கிடங்கு வாசலில் பால்செம்பை இறக்கி வைத்துவிட்டு, "ஒங்க லூர்து பூட்ச்சிமே. பாம்பு கட்ச்சிட்ச்சி" என்றார். கிடங்கு வேலையில் சேர்ந்துவிட்டதால் இந்த வருஷம் நான் அக்காவோடு அறுப்புக்குப் போகவில்லை.

அக்காவோடு மாதவரம் வயல்களில் அறுத்தவர்களுக்குத் தெரியும். எல்லாரும் நாலு பக்கமும் அறுத்துக்கொண்டே போய், நடுவில் மிஞ்சும் கதிருக்குள் ஒடுங்கிய எலியையும் முயலையும் தடியால் அடிப்பார்கள். அன்றைக்குக் குழம்பு உண்டு. அக்கா மட்டும் வயலோரத்தில் கூலிக்காரர்களின் குடிசைகள் இருக்கும் பக்கம் தொடங்கி, எதிரே உள்ள சப்பாத்திக்கள்ளி வேலியை நோக்கி ஒரே திசையில் அறுப்பார். எலிகளுக்கு வெட்டவெளி என்றால் பயம். கதிரின் மறைவிலேயே நகர்ந்து நகர்ந்து வேலிக்குள் போய்விடும்.

"இன்னா லூர்து, எலிக்கு ரோடு போட்டுக்கினு கீறியா? தார் ஊத்தட்டா?" என்பார் மேஸ்திரி.

"ஊத்து நைனா. ரோடு இல்லேன்னா அது ஒன் வூட்டுக்குத்தான் வரும்." அக்கா சிரிக்கமாட்டார்.

ஒரு மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது காரணம் சொன்னார். நான் யாரிடமும் பேசாதவள் என்பதால் சொல்லியிருக்கலாம். முன்பொரு வருஷம் வேலியை யாரோ கொளுத்திவிட்டார்கள். அறுப்பன்றே எலிகள் குடிசைகளுக்குள் புகுந்தன. பின்னாலேயே நல்ல பாம்பு வந்தது. பாயில் அக்காவின் குழந்தை படுத்திருந்தது.

"பாம்பு இன்னா பண்ணும்? எலி போன வயியில அது வந்துச்சி. வயிய மாத்தி வுட்டது நாம்பதான்" என்றார்.

உலக யுத்தம் முடிந்து நிலம் வாங்கிய கம்பெனிக்காரர் ஒருவர், போன மாதம் அந்த வேலியை வெட்டிச் சுவர் எழுப்பினார். பிறகு நடந்ததை முனியம்மா சொல்லித்தான் அறிந்தேன். அறுப்பன்று அக்கா குடிசை குடிசையாகப் போய், "கொயந்தைய கீய போடாதீங்க, தூளியில போடுங்க" என்று கெஞ்சியிருக்கிறார். "லூர்துக்குப் பேய் புட்ச்சிகீது" என்று சிரித்திருக்கிறார்கள். எலிகள் சுவர் வரைக்கும் போய், முட்டி, சுவரோரமாகவே திரும்பிக் குடிசைகளுக்கு வந்தன. பக்கத்துக் குடிசைச் செல்வியின் குழந்தை தரையில் கிடந்தது. அக்கா ஓடிப்போய் அதைத் தூக்கி வாசலில் நின்ற செல்வியிடம் நீட்டினார். காலடியில் இருந்ததைப் பார்க்கவில்லை.

குழந்தை நன்றாக இருக்கிறது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பயம். இங்கே எங்கே பார்த்தாலும் புதுச் சுவர்கள். அவற்றின் அடியில் மூன்று விரலகலத்துக்கு மண் வழவழப்பாகி, எலி ஓடிய ஒரு தடம் சுவரின் முனை வரைக்கும் போய்த் திரும்புகிறது. பட்டப்பகலில்கூட அதன் ஓரத்தில் யாரோ காத்து நிற்பது போலிருக்கிறது. நான் அதை மிதிப்பதில்லை. தாண்டிப் போகிறேன்.